திரும்பி வந்த மாப்பிள்ளை

என் அம்மாவின் தம்பிக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. ஆம்பூரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் எது கனமாக இருந்தாலும் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஊறிய தோல்களை இழுத்து வெளியே போடுவது அவர் வேலை. நனைந்த எருமைத் தோலை மற்றவர்கள் இரண்டு பேராகப் பிடிப்பார்கள். மாமா ஒருவராகவே தோளில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து வரும் வழியில் ஒருவர் கல்லுரலை நகர்த்தித் தரச் சொல்வார். இன்னொருவரின் வண்டி சேற்றில் மாட்டியிருக்கும். எல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு தோளைக் காட்டுவார். அம்மா விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டே, கேட்டவனுக்கெல்லாம் தோளைக் கொடுத்துவிட்டால் நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு என்ன மிஞ்சும் என்று திட்டுவாள். மாமா சிரிப்பார்.

அவரால் ஆகாதது ஒன்றுமில்லை என்று நான் நம்பினேன். எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். என் மாமா நினைத்தால் பெங்களூர் மெயிலையே கையால் நிறுத்திவிடுவார் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று ஒருத்தி கேட்டதற்கு, உள்ளே ஜனங்கள் இருப்பார்களே, பாவம் என்று பதில் சொன்னேன்.

மாமாவுக்குப் பெண் அமைந்தது பாலாற்றுக்கு அக்கரையில். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் அந்த ஊரின் தென்னந்தோப்பு தெரியும். பாலாறு என்று பெயர்தானே தவிர, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது வெறும் மணல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும். அதனால் ஐப்பசியில் பெண் வீட்டில் கல்யாணம் என்று பேசியபோது ஆற்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும், பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் நான்தான். கரையேறிப் பார்த்தால் மணலைக் காணோம். எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழையில்லை. மேற்கே மைசூர்ப் பக்கம் எங்கேயோ கொட்டித் தீர்த்த மழையெல்லாம் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வேரோடு ஒரு மரம் மிதந்து போனது. அக்கரையில் பெண் வீட்டார் கூட்டமாக நின்றார்கள். அவர்கள் மேளம் காற்றில் வந்து வந்து போனது. கத்திப் பார்த்தோம். இரண்டு பக்கமும் கத்தியதில் ஒரு வார்த்தையும் யாருக்கும் புரியவில்லை. சுற்றிக்கொண்டு போனால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது.

அப்போது அக்கரையிலிருந்து ஒருவன் குதித்தான். தண்ணீர் அவனை வெகுதூரம் கீழே இழுத்துக்கொண்டு போய் எங்கள் பக்கம் ஒதுக்கியது. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தான். பெண்ணுக்கு மாமன் மகனாம், கல்யாணத்துக்காகக் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவனாம். அங்கே எல்லாரும் காத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை மட்டும் தாலியோடு வந்தால் போதும், மற்றவர்கள் தண்ணீர் வடிந்தபின் சாப்பிட வரலாம் என்றான். பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னான்:

"இன்னா அண்ணே யோசிக்கிற? நான் வர்ல? நீ என்னவிட ஜாஸ்தி பலசாலின்னு சொன்னாங்க."

அக்கரையில் பெண்ணின் அப்பா தலைக்கு மேல் துண்டை வீசிக்கொண்டிருந்தார். அதோ பார், கூப்பிடுகிறார் என்றார்கள் எங்கள் ஆட்கள். போடா, உனக்கு இதெல்லாம் ஒரு ஆறா என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் அம்மா மட்டும் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாமா வேட்டியை வரிந்து கட்டினார். அப்பா தாலியை மஞ்சள் துணியில் முடிந்து அவர் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டினார்.

மாமா இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். மறுபடி ஆற்றைப் பார்த்தபோது மாமா நின்றிருந்தார். கழுத்தளவுத் தண்ணீர். ஒரு காலை முன்னால் நீட்டித் துழாவுவது தோள் அசைவில் தெரிந்தது. அப்படியே நின்றார். கரையில் எல்லோரும் உரக்க உற்சாகப்படுத்தினார்கள். அக்கரையில் துண்டு இன்னும் வேகமாக ஆடியது.

மாமா திரும்பினார். தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டு மெதுவாக எங்களைப் பார்த்து நடந்து வந்தார். கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். கரையேறியதும் தலைப்பாகையை அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்தார்.

"என்னால முடியாது மச்சான்," என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சத்தமாகவும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டும் சொல்லவில்லை. யாரோ உச்சுக்கொட்டினார்கள். கோலார்க்காரன் சிரித்தான். அம்மா தம்பியின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அக்கரையில் மேளம் நின்றுவிட்டது. பெண் அங்கே கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுவது மட்டும் சிவப்புப் புடவையால் அடையாளம் தெரிந்தது. அவமானத்தில் அழுகிறாள், இனி இந்தச் சம்பந்தம் நடக்காது என்று பேசிக்கொண்டே கூட்டம் கலைந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோலார்க்காரனும் திரும்பி நீந்திப் போகவில்லை. இரண்டொரு தரம் கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தான். வெள்ளம் வடியும்வரை எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான்.

நான் மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். தெருவில் முகம் காட்ட முடியவில்லை. ரயில் கேள்வி கேட்டவள் இப்போது கேள்வியே கேட்காமல் சிரித்தாள். மாமா என்னிடம் வந்து உட்கார்ந்து, "கோவமா பாப்பா? கால் எட்டல. தரையே இல்ல அங்க," என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தரை இருக்கிற இடத்தில் நடக்க என் மாமா எதற்கு, நானே நடப்பேனே.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய அன்று, போய்க் காலில் விழுந்தாவது கேட்போம் என்று அப்பா கிளம்பிக்கொண்டிருந்தார். அதற்குள் பெண் வீட்டாரே ஆற்றில் இறங்கி வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா நேராக மாமாவிடம் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கோலார்க்காரனை யாரும் அனுப்பவில்லையாம். அன்றைக்கு அவர் துண்டை வீசியதுகூட வா என்று இல்லையாம், திரும்பிப் போ என்றுதானாம். சொல்லும்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதற்குப் போய் ஒரு பெரிய மனிதர் அழுவாரா என்று நான் வேடிக்கை பார்த்தேன். அடுத்த முகூர்த்தத்தில் எங்கள் வீட்டிலேயே கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா மாறிப்போனார். யாராவது வண்டியைத் தூக்கக் கூப்பிட்டால் போவார், ஆனால் "நீ ஒரு பக்கம் புடி" என்பார். சில நாள், இன்னிக்கி முடியாது என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வந்து அத்தையோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா எண்ணெய் சூடாக்குவதை விட்டுவிட்டாள். மாமாவின் பலமெல்லாம் ஆற்றில் போய்விட்டது என்று நான் முடிவு செய்தேன்.

ஒருநாள் அத்தை எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மனதில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்: மாமா பாதியில் திரும்பினாரே, உனக்கு வெட்கமாக இல்லையா?

சீப்பு நின்றது.

"எங்க அண்ணனும் இதே மாதிரி வெள்ளத்துல எறங்குச்சி," என்றாள். "கரையில நின்னவங்க எல்லாம் போ போன்னு கத்திக்கினே இருந்தாங்க. அது திரும்பல."

பிறகு வாரத் தொடங்கினாள். அன்றைக்கென்று ரொம்ப மெதுவாக வாரினாள்.

பின்னல் முடிந்ததும் நான் மாமாவிடம் ஓடினேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து, சுண்ணாம்பு தின்ற பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அத்தையின் அண்ணன் உன்னைப் போல் இல்லையாம், பாதியில் திரும்பவே இல்லையாம் என்று சொன்னேன்.  மாமா உள்ளே அத்தை இருந்த பக்கம் பார்த்தார். எண்ணெய்க் கையோடு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா பாப்பா. எனக்கு அவ்ளோ தைரியம் இல்ல."

ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அன்றோடு அவரை மன்னித்துவிட்டேன். ஆனால், அக்கரையிலிருந்து இறங்கித் திரும்பாமலே வந்த அந்த அண்ணன் எங்கள் கரையில்தானே ஏறியிருக்க வேண்டும்? எந்தத் தெருவில் இருக்கிறாரோ, தங்கையைப் பார்க்க ஏன் ஒருநாளும் வரவில்லையோ என்று வெகுகாலம் யோசித்தேன். அத்தையின் ஜாடையில் யாராவது தெருவில் போனால், வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்ப்பேன்.