பிளக்கைப் பிடுங்கித் தேர்ந்தெடுத்த சேர்வர்

ஷொக் அடிக்காமல் இருக்க வெள்ளைத் துணி சுற்றிய அந்தப் பிளக் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. சுற்றியவர் எங்கள் டைப்பிஸ்ட். என்னைவிட ஐந்து வயது இளையவர், வாய் மட்டும் பத்து வயது மூத்தது.

மாத்தளை நகரில், தோட்டத்து மக்களின் பிறப்புப் பத்திரப் பிரதிகளைச் சேர்த்துவைத்து உதவிய சிறிய அலுவலகம் எங்களுடையது. நாட்டில் போர் நடந்து, எங்கும் சோதனைச் சாவடிகள் இருந்த காலம். அடையாள அட்டை இல்லாதவருக்கு அந்தப் பிரதிதான் துணை. எல்லாவற்றையும் ஒரே சேர்வரில் வைக்கத் தீர்மானித்தபோது, எந்த இயங்குதளம் என்பதை என்னிடம் விட்டார்கள். எனக்கா சந்தேகம்? லினக்ஸ்தான். இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும் என்று, நிறுவி ஓடவிட்ட சேர்வரைக் காட்டி அரை மணி நேரம் அளந்தேன்.

அணைக்காமல் ஓடும் என்றதும் டைப்பிஸ்ட் சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் பின்னேரம் இடி முழங்கினால், வீடானாலும் கடையானாலும் முதல் வேலை எல்லாப் பிளக்கையும் பிடுங்குவதுதான். "இடி இடிச்சா நான் பிடுங்கிருவேன் சேர். ஒங்க லினக்ஸ்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றவர், ஓடிக்கொண்டிருந்த சேர்வரின் பிளக்கை எல்லார் முன்னிலையிலும் உருவினார்.

மறுபடி மாட்டியபோது கறுப்புத் திரை. பிழை இருக்கிறது, கடவுச்சொல் கொடுத்துச் சரிசெய் என்று ஆங்கிலத்தில் வரிவரியாக வந்தது. இரண்டு நிமிடத்தில் சரிசெய்து பெருமையோடு நிமிர்ந்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்க லீவுல இருக்கிற அன்னைக்கு, மகனைப் பிடிச்சிட்டாங்கன்னு ஒரு அம்மா அழுதுக்கிட்டு வந்து நின்னா, நான் இந்தக் கறுப்பைக் காட்டுறதா சேர்?"

சுருக்கென்றது. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. குற்றம் லினக்ஸில் இல்லை, அதை நிறுவிய என்னிடம்தான். திடீரென்று மின்சாரம் நின்றால் தடுமாறும் பழைய கோப்பு முறைமையைப் போட்டிருந்தேன். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைத்துத் தானே சரிசெய்துகொள்ளும் புதியதோடு மறுபடி நிறுவி, பிளக்கை அவரிடமே நீட்டினேன். பத்துத் தடவை பிடுங்கினார். பத்துத் தடவையும் யாரிடமும் எதுவும் கேட்காமல் எழுந்தது. "சரி, இதையே வைங்க சேர்" என்றார். அலுவலகத்தின் தீர்மானம் அதுதான்.

அடுத்த மாதம் நான் லீவில் இருந்த ஒருநாள் இடி இடித்தது. டைப்பிஸ்ட் பிடுங்கியிருக்கிறார். மழை விட்டு மாட்டிய கையோடு உக்குவளையிலிருந்து ஒரு தாய் வந்து நின்றாராம், மகன் பொலிஸில் என்று. பிரதியோடு போனவர் இருட்டும் முன் மகனை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

அலுவலகம் மூடப்பட்டபோது நான் கேட்டு வாங்கியது அந்தப் பிளக்கை மட்டும்தான். இப்போது கொழும்பில் என்னோடு வேலை செய்பவர்கள் எந்த இயங்குதளம் நல்லது என்று மணிக்கணக்கில் வாதிடுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லாச்சியைத் திறந்து, பிளக்கை மேசைமேல் வைப்பேன்.

"சரி, நீங்க லீவுல இருக்கிற அன்னைக்கு?"