புதைந்த இரண்டு படிகள்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு வரைபடத்தை மடித்தது. சாப்பாட்டு மேசையை அடைத்துக் கிடந்த தாளின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அவள்.

துணைமின் நிலையத்தில் அவர் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டர். வெள்ளத்தின்போது மூன்று நாள் அங்கேயே கிடந்து, தண்ணீர் ஏறிய உச்சத்தைச் சுவரில் சிவப்புக் கோடாகப் போட்டவர். அவள் மின்துறையில் திட்டப் பொறியாளர். புயல் அடித்தாலும், எவனாவது வேண்டுமென்றே கம்பத்தைச் சாய்த்தாலும் ஊர் இருளக்கூடாது என்று இரண்டு திசைகளிலிருந்து இரண்டு லைன் போட்டிருந்தாள். இரண்டும் வந்து சேர்வது, பழைய நிலையத்தின் பின்மனையில் எழும் ஒரே கன்ட்ரோல் ரூமில்.

"தரையை எவ்ளோ தூக்கற?"

"நாலடி. உங்க கோடு இப்ப இருக்கற தரையிலேர்ந்து மூணடிதானே. ஒரு அடி கூடவே வெச்சிருக்கேன்."

"நான் வேலைக்குச் சேந்தப்ப ஸ்டேஷன் வாசல்ல மூணு படி. இப்ப ஒண்ணுதான் இருக்கு."

"உங்களுக்கு வயசாச்சுப்பா."

"வயசானா படி கூடும்மா, குறையாது." சிரித்தார். "வெள்ளத்துக்கப்புறம் அங்க ரெண்டு தடவை ஜல்லி கொட்டி மேடாக்கிட்டாங்க. பின்மனையில கொட்டல. வியாழக்கிழமை போய் அளந்துட்டு வரேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாத."

புதன்கிழமை போட்டுவிட்டாள். அன்றுதான் கடைசித் தேதி. ஆள் அனுப்பி மட்டம் பார்த்திருக்கலாம். கோப்பிலிருந்த மூன்றடி கைக்கு எட்டியது, எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் கேட்டார்: "போட்டுட்டியா?"

"இல்லப்பா."

அந்தப் பொய்யை நம்பித்தான் மறுநாள் காலை கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

பத்து நாள் கழித்து சைட் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "மேடம், நாளைக்கு தரைக்கு கான்கிரீட். போட்டுடலாமா?"

ஒரு படிக்கு ஏழு அங்குலம் என்றாலும் இரண்டுக்குப் பதினான்கு. ஜல்லி மேட்டைவிட அவ்வளவு தாழ்வு பின்மனை. மூன்றடியோடு சேர்த்தால், அங்கே அன்றைய வெள்ளம் அவளுடைய நாலடியைத் தாண்டி இரண்டு அங்குலம் நிற்கும். இரண்டு லைனும் ஒன்றாகப் போகும்.

"நிறுத்துங்க."

"மேல கேட்டா என்ன சொல்றது மேடம்?"

"நான் கொடுத்த அளவு தப்புன்னு சொல்லுங்க. தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன்னு நானே எழுதித் தரேன்."

கதவோரம் அவருடைய பை அப்படியே இருந்தது. உள்ளே அளவு டேப், ஒரு கைக்கொத்து, ஒரு துண்டுச்சீட்டு:

"ஜல்லியைத் தோண்டி, புதைந்த படி இரண்டையும் அளக்கணும். பன்னிரண்டு மணிக்குள் அவளுக்கு ஃபோன். கையெழுத்துப் போடக் காத்திருப்பாள்."