உதட்டைப் பார்

காது கேளாத ஒரு பெண் என் வகுப்புக்கு வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் தேர் ஓடும் வீதிக்குப் பின்புறம் இருந்த நடுநிலைப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்தாறு. இந்த மாதிரிப் பிள்ளைகளையும் சாதாரண வகுப்பிலேயே மற்றவர்களோடு உட்கார வைத்துப் படிக்க வைக்கலாம் என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு டீச்சர்களைத் தயார் செய்ய வேலூரில் பத்து நாள் பயிற்சி வைத்தார்கள். எங்கள் பள்ளியில் யாருக்கும் போக இஷ்டமில்லை. கல்யாணம் ஆகாதவள் என்பதால் என் தலையில் கட்டினார்கள். சர்டிபிகேட்டோடு திரும்பி வந்தேன், அதன் பிறகு எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தப் பத்து நாளில் காது கேளாத ஒரு குழந்தையைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. குறிப்பு சொன்னார்கள், எழுதிக்கொண்டோம். அதில் முக்கியமானது ஒன்றுதான். குழந்தை நம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். கை ஜாடையை அனுமதிக்கவே கூடாது. ஜாடை பழகிய குழந்தை சோம்பேறியாகிவிடும், கடைசி வரை வாய் திறக்காது. அந்த வரிக்குக் கீழே நான் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

அந்தப் பெண் பள்ளிக்குப் புதியவள் அல்ல. அப்பா ரயில்வே ஸ்டேஷனில் ஜட்கா வண்டி ஓட்டுபவர். ஒன்றாம் வகுப்பிலிருந்தே எங்களிடம்தான் படித்தாள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'செவிட்டுப் பொண்ணு' என்றால்தான் தெரியும். அவள் நான்கு வகுப்பு தாண்டி வந்ததற்குக் காரணம் எந்த டீச்சரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி, வளையல் கடை பாயின் மகள். பாடம் நடக்கும்போது அந்தச் சின்னது பெஞ்சுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்யும், இவள் புரிந்துகொண்டு எழுதுவாள். மீசையை முறுக்கினால் அப்பா. மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. கணக்கில் இந்தக் காது கேளாதவள்தான் வகுப்பிலேயே கெட்டி. கெட்டியாக இருக்கிறாளே, எப்படி என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஜாடையை ஒழிக்க வேண்டும் என்பதுதான்.

தலைமையாசிரியை அம்மாவும் ஒரு கெடு வைத்தார். "கார்த்திகை மாசம் எஜுகேஷன் ஆபீசர் வரார். அவர் முன்னாடி, வாயால சொல்றதைப் பார்த்து இவ எழுதிக் காட்டணும். எழுதினா ஆறாவதுக்கும் இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா பேரை எடுத்துடுவேன். என்னால பதில் சொல்ல முடியாது" என்றார். பேரை எடுத்தால் அவள் போக வேண்டிய காது கேளாதோர் பள்ளி எங்கேயோ ஒரு பெரிய ஊரில், ஹாஸ்டலில் இருந்தது. ஜட்காக்காரர் அவ்வளவு தூரம் விடமாட்டார். அத்தோடு படிப்பு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கே பெஞ்சைப் பிரித்தேன். அவளை எனக்கு நேர் எதிரே முன் வரிசையில் போட்டேன். வளையல் கடைப் பெண்ணை மூன்றாவது வரிசைக்குத் தள்ளினேன். அங்கிருந்தும் கை நீண்டது. அதனால் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்குக் கீழே வைத்து, கை மேலேயே உட்காரச் சொன்னேன். ஒரு வாரம் அப்படித்தான் உட்கார்ந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் விரலை மடக்க முடியாமல் தட்டை இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கிக்கொண்டு போகும். வகுப்பே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

தினமும் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் அவளுக்குத் தனிப் பயிற்சி. அட்டையில் மீசை வைத்து ஒரு ஆண் படம், பொட்டு வைத்து ஒரு பெண் படம், நானே வரைந்தேன். என் வாயை அவள் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு "அப்பா" என்பேன். அவள் படத்தைக் காட்ட வேண்டும். பத்துத் தரம் சொன்னால் ஐந்து தரம் சரி, ஐந்து தரம் தப்பு. மறுநாளும் அதே கதை. பத்து வயதுப் பெண்ணுக்கு அப்பாவையும் அம்மாவையும் பிரித்துச் சொல்லத் தெரியாதா? திமிர் என்றுதான் நினைத்தேன். தப்புக்கு ஒன்று என்று அடி ஸ்கேலைக் குறுக்காகத் திருப்பி விரல் முட்டியில் போட்டேன். முகவாயைப் பிடித்துத் தூக்கி, "உதட்டைப் பார்! உதட்டைப் பார்!" என்று கத்துவேன். கத்தி என்ன பயன், அவளுக்குத்தான் கேட்காதே. ஜன்னலுக்கு வெளியே காத்திருந்த சிநேகிதிக்குக் கேட்கும். அது ஒருநாள் தாங்காமல் கம்பி வழியாகக் கையை விட்டு மீசையை முறுக்கிக் காட்டியது. அந்தக் கையிலும் ஒன்று வைத்தேன்.

இரண்டு மாதம் இப்படி. நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் அடி வாங்கக் கையை நீட்டப் பழகிவிட்டாள். கணக்கும் போய்விட்டது. பழைய பெஞ்சில் புரிந்தது எதுவும் புதிய பெஞ்சில் புரியவில்லை. ரேங்க் கார்டில் கடைசிக்கு வந்தாள். கவனக் குறைவு என்று சிவப்பு மையில் எழுதினேன்.

தீபத் திருவிழா நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஆபீசர் வந்தார். பள்ளியையும் பார்த்த மாதிரி, சாமியையும் பார்த்த மாதிரி என்று கணக்குப் போட்டு வந்தவர், நெற்றியில் விபூதி காயவில்லை. தலைமையாசிரியை அறையில் அந்தப் பெண்ணை உட்கார வைத்துக் கையில் பேப்பரும் பென்சிலும் கொடுத்தார்கள். நான் சொல்கிறேன் என்றேன். "வேணாம்மா, உங்க வாய் அவளுக்குப் பழக்கம். நானே சொல்றேன்" என்று என்னை வராந்தாவில் நிற்க வைத்துவிட்டார். ஜன்னல் வழியாக அவர் முகம் நன்றாகத் தெரிந்தது.

அவர் வாயைத் திறக்கும் நேரத்துக்குச் சாமி ஊர்வலம் வீதி திரும்பிவிட்டது. மேளமும் கொம்பும் பக்கத்துச் சுவரில் மோதி எழுந்த சத்தத்தில் எனக்கு என் இருமலே கேட்கவில்லை. தலைமையாசிரியை கையைக் காட்டி, கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்டார் போலிருக்கிறது. ஆபீசர் சிரித்தபடி அவர் காதருகே போய் உரக்கச் சொன்னது மட்டும் எனக்கு விழுந்தது. "இவளுக்கு மேளம் அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன!"

பரீட்சை தொடங்கியது. அவர் உதடு மூடித் திறந்தது. 'அம்மா' என்கிறார், சுலபம்தான், எழுதிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது 'பாடு'. பிறகு 'மலை'. பிறகு 'மடம்'. ஐந்தாவதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. 'பணி'யாக இருக்கும் என்று முடிவு செய்தேன். அவள் ஐந்தையும் தயங்காமல் எழுதினாள். பாஸ் செய்துவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. மேளம் தேய்ந்ததும் உள்ளே ஓடினேன்.

பேப்பரில் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. அம்மா, பாடு, மலை, மடம், பணி. ஆபீசர் கையிலிருந்த சீட்டில் இருந்தது. அப்பா, மாடு, மலை, படம், மணி.

"ஒண்ணுதாம்மா சரி" என்றார் ஆபீசர். "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வித்தியாசம் தெரியலையே."

அந்த அறையில் யாருக்கும் தெரியாது, காது கேட்கிற நான் அவள் எழுதிய அதே ஐந்தைத்தான் மனதுக்குள் எழுதியிருந்தேன். மெதுவாக, யாருக்கும் தெரியாமல், வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அப்பா. அம்மா. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடுகிறது, ஒரே மாதிரி திறக்கிறது. வித்தியாசம் முழுவதும் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது. அதைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். பத்துக்கு ஐந்து தப்பு ஏன் வந்தது என்று அப்போது புரிந்தது. இரண்டில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டால் வேறு எத்தனை வரும்? இரண்டு மாதம் நான் அடித்த ஒவ்வொரு அடியும் தப்பு. மூக்கைத் தொட்டும் மீசையை முறுக்கியும் அந்த வளையல் கடைப் பெண் செய்துகொண்டிருந்ததுதான் பாடம் நடத்துவது. என் பயிற்சியும் சர்டிபிகேட்டும் வெறும் குப்பை.

"நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்றார் ஆபீசர். பேனாவைத் திறந்து வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. சார், ரெண்டும் உதட்டுல ஒண்ணுதான் சார், நீங்களே கண்ணாடியில பாருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எழுதியிருக்க மாட்டார். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால், அப்புறம் எதற்கு அடித்தாய் என்று கேட்பார்கள். அவள் முட்டி வீங்கியிருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"நான் எவ்வளவோ சொல்லிக் குடுத்தேன் சார். ஏறலை" என்றேன்.

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் டி.சி. வாங்க அவள் அப்பா வந்தார். காக்கிச் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். மகள் அவர் பக்கத்தில் பையோடு நின்றாள்.

"ஊட்ல நல்லாத்தான் டீச்சர் கணக்குப் போடுது. குதிரைக்குக் கொள்ளுகூட அதுதான் அளந்து வைக்குது. ஜாஸ்தி கம்மி ஆவாது. இங்க மட்டும் இன்னாதாங்க கொறை?"

அப்போதும் எனக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. நான் சொன்னேன், "காது மட்டும் இல்லைங்க. அவளுக்குப் புத்தியும் கம்மி."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்களும் ரெண்டு மாசமா உங்க வேலைய உட்டுட்டு இருட்டற வரைக்கும் கஷ்டப்பட்டீங்க. எங்களுக்கு யாரு டீச்சர் இப்படி செய்வாங்க" என்றார். மகளின் தோளைத் தொட்டு, என் காலைக் காட்டினார்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் காலில் விழுந்தாள். தடித்துப்போன விரல்கள் என் பாதத்தில் பட்டன. எழுந்தவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று. நான் வாயைத் திறக்கவில்லை.