தம்பிக்காக உம் கொட்டினேன்

புரொஜெக்டர் கேபினில் கார்பன் குச்சி எரியும் வாசனை ஒன்று உண்டு. தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். டெல்லி ஜனவரிக் குளிரிலும் அங்கே மட்டும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து ஒரு ஃபிலிம் கிளப்புக்குப் போவேன். ரஷ்யன் படித்திருந்ததால் சோவியத் படங்களுக்கு மைக்கில் இங்கிலீஷ் சொல்வது என் வேலை. கேபினில் உட்கார்ந்து வசனத் தாளைப் பார்த்து, படத்தில் பேசும் எல்லாருக்கும் நானே குரல்...

ஒருமுறை லிதுவேனியா டைரக்டர் ஒருவர் தன் படத்தோடு வந்தார். நாற்பது வயது வரை வயலின் வாசித்தவர். தம்பியும் அவரும் ஜோடியாகக் கச்சேரி செய்வார்களாம். தம்பி செத்ததும் வயலினைப் பூட்டி வைத்துவிட்டு சினிமாவுக்கு வந்துவிட்டார். தம்பி உயிரோடு இருந்தபோது வீட்டில் எடுத்துவைத்த காட்சிகளும் அந்தப் படத்தில் இருந்தன.

படம் ஓடியது. தம்பியைப் புதைத்தார்கள். ரீல் மாறியது...

தம்பி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது.

"அரே, போச்சு மேடம். ரீல் நம்பர் டப்பா மூடியிலதான் இருக்கு. செக் பண்ணிட்டு மூடிய மாத்திப் போட்டுட்டேன், முன்னாடி ரீல் இப்ப ஓடுது. நிறுத்திரட்டுமா?" என்றார் ஆபரேட்டர் செல்வராஜ். நம் திருநெல்வேலிக்காரர்.

அதற்குள் டைரக்டரே மேலே ஓடி வந்துவிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"நிறுத்தாதீங்க. அவன் பேசுறதச் சொல்லுங்க" என்றார் ரஷ்யனில்.

தாளைத் தேடி எடுத்துச் சொன்னேன். வசனம் முடிந்தது. திரையில் தம்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். டைரக்டர் கேபின் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து, தன் சொந்த மொழியில் அவனிடம் மெதுவாக ஏதோ கேட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"ம்..." என்றேன்.

யார் பேசினாலும் உம் கொட்டுவது நம் ஊர்ப் பழக்கம், வேறு அர்த்தமே கிடையாது. ஆனால் மைக் ஆனில் இருந்தது. தம்பியே சொன்ன மாதிரி ஹால் முழுக்கக் கேட்டது.

டைரக்டர் தலையாட்டினார். அழுதார், சிரித்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் வந்த சோவியத் குழுவில் ஒருவரிடம் அவரைப் பற்றி விசாரித்தேன்.

"சினிமாவ விட்டுட்டார். பூட்டிக் கிடந்த தம்பி வீட்டுக்கே குடி போயிட்டார். திரும்ப வயலின் வாசிக்கிறார்."

"தனியாவா?"

அந்த மனிதர் டீயை எடுத்துக் குடித்தார்.

இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதெல்லாம் எந்த மொழியில் பேசினாலும் ஃபோனே அர்த்தம் சொல்லிவிடுகிறது. அவர் கேட்ட அந்த நாலு வார்த்தையும் அப்படியே என் காதில் இருக்கிறது. ஃபோனை வாய் வரைக்கும் கொண்டுபோய், திரும்ப வைத்திருக்கிறேன்...

தம்பி சார்பில் எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று தெரிந்துகொள்ள இன்னும் தைரியம் வரவில்லை.