சுருக்கத்துக்கு மூன்று ஆதாரங்கள்

எங்கள் மாலைக் கல்லூரி வகுப்பில் அவளை மடிப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பகலெல்லாம் இஸ்திரிக் கடை, ஆறு மணிக்கு மேல் படிப்பு. யாராவது வணக்கம் சொன்னால் முகத்தைப் பார்க்க மாட்டாள், சட்டைக் காலரைப் பார்ப்பாள். பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கும் எனக்கும் அதே வியாதிதான், நான் பல்லைப் பார்ப்பேன். அப்படித்தான் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஒட்டிக்கொண்டோம்.

பேச்சுப் பாடத்தில் எல்லோரும் ஐந்து நிமிடம் தகவல் உரை நிகழ்த்த வேண்டும். 'துணி ஏன் கசங்குகிறது' என்று அக்கா வெளுத்து வாங்கினாள். "ஆதாரம்?" என்றார் வாத்தியார்.

"எங்க தெருவுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க சார்!"

போட்டார் பூஜ்யம். நூலகத்திலிருந்து மூன்று ஆதாரம் வேண்டும், அதில் ஒன்று கையில் புத்தகமாக இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மறுபடி பேசலாம், அதிலும் கோட்டைவிட்டால் அடுத்த வருஷம்தான் என்றார். அடுத்த வருஷம் அக்காவின் மகளே இந்த வகுப்பில் சேரப் போகிறாள். "பெத்த பொண்ணுகூட ஒரே பெஞ்சுல உக்காந்து, ஃபெயிலான பாடத்தைப் படிக்கணுமாடி? நான் செத்தேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நூலகத்தில் எங்களுக்கு வாய்த்தவர் ஷ்ஷ் மேடம். நூலகர். 'ஷ்ஷ்' தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வந்து நான் கேட்டதில்லை. ஆனாலும் கலைக்களஞ்சியம் இருக்கும் அலமாரியைக் காட்டினார், கணினியில் ஆய்வுக் கட்டுரை தேடவும் சைகையிலேயே கற்றுக் கொடுத்தார். பருத்தி இழைக்குள் பொடிப்பொடியாகப் பிணைப்புகள் உண்டாம். ஈரமும் சூடும் பட்டால் அவை விட்டுப்போகுமாம். ஆறும்போது துணி எப்படி இருக்கிறதோ அப்படியே மறுபடி பிடித்துக்கொள்ளுமாம். படிக்கப் படிக்க அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஏய்! என் கைக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதியே வச்சிருக்காங்கடி!" என்று கூவினாள்.

"ஷ்ஷ்!"

மூன்றாவது ஆதாரம் ஒரு தடிப் புத்தகம். அக்காவுக்கு வேண்டிய படம் இருந்த பக்கத்தில் எவனோ தேநீரைக் கொட்டி, அது காய்ந்து சுருண்டு கிடந்தது. சுருக்கத்தைப் பற்றிய பக்கத்திலேயே சுருக்கம்! அவளால் பொறுக்க முடியுமா? வீட்டுக்கு எடுத்துப்போனவள், வியாழக்கிழமை காலை கடையில் முதல் வேலையாக அந்தப் பக்கத்துக்கு இஸ்திரி போட்டாள். பக்கம் தகடு மாதிரி வந்தது. ஓரம் வரைக்கும் தேய்த்தால்தானே அவளுக்குத் திருப்தி? பெட்டியைப் புத்தகத்தின் முதுகுவரை கொண்டுபோனாள். உள்ளே இருந்த பசை உருகி, புத்தகம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

பொய் சொல்ல அவளுக்கு வராது. உதிர்ந்ததைத் துணிப்பையில் கட்டி, நூலகத்தில் ஒப்படைத்து, நடந்ததைச் சொன்னாள். ஷ்ஷ் மேடம் அவளுடைய நூலக அட்டையை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு 'ஷ்ஷ்' கூட இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா கசங்கிய சட்டை, இஸ்திரிப் பெட்டி சகிதம் மேடையேறினாள். இரண்டு ஆதாரம் கணீரென்று சொன்னாள். "மூணாவது?" என்றார் வாத்தியார்.

"இருந்துச்சு சார். இஸ்திரி போட்டுட்டேன்."

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை முட்டியது. வாத்தியார் பேனாவைத் திறந்தார். அப்போது, வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷ்ஷ் மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், கையில் அதே துணிப்பை.

"புத்தகம் இதோ இருக்கு. எனக்கு ஒரு கேள்வி," என்றார். அவருக்குப் பேச வரும் என்றே அன்றுதான் தெரிந்தது. "சூடு பட்டா விடும், ஆறினா பிடிக்கும்னு சொன்னீங்க. இந்தப் பசை?"

அக்கா வாயைப் பிளந்தாள். அப்புறம் குதித்தாள், நிஜமாகவே குதித்தாள். "இதுவும் அதேதான் மேடம்! நான்தான் அழுத்தி ஆற விடாம பாதியில விட்டுட்டேன்! அடுக்குங்க, அடுக்குங்க!"

ஆளுக்கொரு கத்தை எடுத்து நம்பர் பார்த்து அடுக்கினோம், வாத்தியாரும்தான். அக்கா புத்தகத்தின் முதுகுமேல் கைக்குட்டை போட்டு மெல்லத் தேய்த்தாள். நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். "ஆறட்டும், ஆறட்டும்," என்று எங்களை அதட்டினாள். ஐந்து நிமிட உரை இருபது நிமிடம் ஓடிவிட்டது, ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். ஒரு தாள்கூட விழவில்லை.

"ஆதாரம் மூன்று," என்று எழுதினார் வாத்தியார்.

ஷ்ஷ் மேடம் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண்ணில் நீர் வழிய, அக்கா உதட்டில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ், மேடம்! பக்கத்து ரூம்ல கிளாஸ் நடக்குது!"