ரோமாபுரியில் டீசர்ட்டைத் திருப்பிப் பார்த்த குற்றம்

ரோமுக்குப் படிக்க வந்து ஒரு வாரம்தாங்க ஆகுது. அதுக்குள்ள திருடின்னு பட்டம் வாங்கியாச்சு. நெட் சென்டர்ல உக்காந்து இதை டைப் அடிக்கறேன்.

காலேஜ் முடிஞ்சு வர்ற வழியில, பழைய கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு துணிக்கடை. படம் போட்ட டீசர்ட் ஒண்ணை எடுத்தேன். கை தானா உள்பக்கத்தைத் திருப்பிருச்சு. திருப்பூர்க் கை, வேறென்ன பண்ணும்? தோள்பட்டையில தையல் விட்டு, விரல் நுழையற அளவுக்கு ஓட்டை.

கடைக்காரம்மா ஓடி வந்து இங்கிலீஷ்ல கத்துனாங்க. "எதை மறைக்கறே? பையைத் திற!"

அத்தனை பேர் முன்னாடி திறந்து காட்டுனேன். நோட்டும் தண்ணி பாட்டிலும்தான் இருந்துச்சு. ஓட்டையையும் காட்டுனேன்.

"படத்தைப் பார்த்து வாங்கு. உள்ள எதுக்குப் பார்க்கறே?"ங்கறாங்க. ஒரு சாரி கூட இல்லீங்க!

வெளிய வந்தா, கோட்டைச் சுவத்துல இருக்கற ஓட்டையை டூரிஸ்ட்டுங்க வரிசையில நின்னு போட்டோ புடிக்கறாங்க. பழைய ஓட்டைக்கு அவ்வளவு மரியாதை. புது ஓட்டையைக் காட்டுனவ திருடி.

ஆத்திரம் தாங்காம காலிங் கார்டு வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். வேலம்பாளையத்துல பனியன் கம்பெனியில ஓட்டை, தையல் விட்ட பீஸையெல்லாம் பாத்துத் தனியாப் பிரிக்கற செக்கிங் வேலை பாக்கறவங்க. நான் அழுது முடிக்கற வரைக்கும் பொறுமையாக் கேட்டாங்க.

"அது கெடக்குது கண்ணு. அந்த ஓட்டை பீஸைத் தனியா எடுத்து வெச்சயா, நல்லதோடவே போட்டுட்டு வந்துட்டயா?"

நம்மூர்க்காரங்களே, நீங்களே சொல்லுங்க. நான் யார்கிட்டத்தான் கோவிச்சுக்கறது?