நெஞ்சு நோவும் பழைய ஆங்கில நாடகமும்

கடந்த நவம்பர் 9, ஞாயிறு, மாலை 4.20. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் ஆலங்கட்டி மழை. நானும் நண்பன் குணமும் தொலைக்காட்சியில் பழைய ஆங்கில நாடகம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் மனைவியை இழந்த ஒருவர் தோழனிடம் மழையைப் பற்றியே கதைத்தார். கடைசியில்தான் "பயமாயிருக்கிறது" என்றார்.

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமோ, மடையன்!" என்று திட்டினேன்.

குணம் மெல்லச் சொன்னான்: "அண்ணை, எனக்கும் பயமாக் கிடக்கு. காலமை துடங்கி நெஞ்சு நோகுது."

"மூண்டு தரம் கேட்டன், சுகம் எண்டியே!"

"ஆம்பிளையள் வேற என்னத்தைச் சொல்லுறது?"

ஆத்திரத்தோடு அவனைக் காரில் ஏற்றினேன். மாரடைப்பு, பிழைத்துக்கொண்டான். நாற்பது வருடச் சிநேகிதனிடம் நோவை மறைப்பது என்ன வீரம்? என் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது என் நோவுகளை முதலில் சொல்லிவிட்டே அவனைச் சுகம் கேட்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் பிழையாக நிறுத்திய காருக்கு வந்த தண்டத்தையும் மறைக்காமல் சொன்னேன்: 510 குரோனர்.